வெனிஸ் வாப்பரெட்டோ பாஸ்: யாருக்கு லாபம், யாருக்கு தண்டம்

வெனிஸ் போறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி இந்த படகு பாஸ் வாங்கலாமா வேணாமாங்கறதுதான், ஆனா யாரும் அதுக்கு நேரா பதில் சொல்றதில்ல, உங்க இஷ்டம், உங்க பட்ஜெட்டுன்னு நழுவிடறாங்க. நான் முதல்லயே சொல்லிடறேன். ஊருக்குள்ள ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்கு போறதுக்காக பாஸ் வாங்குனா அது தண்டச்செலவு, அதுக்கு காலு போதும். ஆனா தண்ணில உக்காந்து ஊரை பாக்கறதுக்கும் தீவுங்களுக்கு போறதுக்கும் ஒரே ஒரு 24 மணி நேர பாஸ், அதையும் எந்த நேரத்துல ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சு ஆரம்பிச்சா, குடுத்த காசு முழுசா வசூலாயிடும். அப்பா அம்மாவை கூட்டிட்டு போறீங்கன்னா கணக்கே வேற, அதை கீழ தனியா சொல்றேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு ரெண்டு வரி. வெனிஸுக்குள்ள காரு, பைக்கு, ஏன் சைக்கிள் கூட கிடையாது. மெயின்லேண்டுலருந்து வர்ற பாலம் முடியுற இடத்துல பியாஸாலே ரோமான்னு ஒரு பஸ் ஸ்டாண்ட், சக்கரம் வச்ச வண்டி எல்லாம் அங்கயே நின்னுடும். அதுக்கு அப்புறம் ஆம்புலன்ஸும் படகு, குப்பை வண்டியும் படகு, கொரியர் காரனும் படகுதான். பஸ்ஸுக்கு பதிலா ஓடுறதுதான் வாப்பரெட்டோ, ஏசிடிவிங்கற கம்பெனி நடத்துது. ரூட் நம்பர் உண்டு, ஸ்டாப் உண்டு, டைம்டேபிள் உண்டு, ஆஃபீஸ் போற ஜனமும் காய்கறி பையோட பாட்டியும் அதே படகுலதான் வருவாங்க. டூரிஸ்ட் படகுன்னு நினைச்சுக்கிட்டு வழியில நின்னு செல்ஃபி எடுத்தீங்கன்னா அந்த பாட்டி உங்களை ஒரு பார்வை பாப்பாங்க, அது போதும்.

இப்ப விலை. 2025 கணக்குப்படி ஒரு சிங்கிள் டிக்கெட் 9.50 யூரோ, அது 75 நிமிஷத்துக்கு செல்லும். ஆமா, ஒம்பதரை யூரோ, பக்கத்துல போனாலும் பெரும்பாலும் அதேதான். 24 மணி நேர பாஸ் 25, 48 மணி நேரம் 35, 72 மணி நேரம் 45, ஏழு நாளுக்கு 65. மூணு தடவை தனித்தனியா ஏறுனா 28.50 ஆயிடுது, அதாவது ஒரு நாள்ல மூணாவது தடவை கால் வைக்கும்போதே பாஸ் லாபத்துக்கு வந்துடும். ரெண்டே தடவைதான் ஏறுவீங்கன்னா 19ல முடியுது, பாஸ் வேண்டாம். 6 வயசுலருந்து 29 வயசு வரைக்கும் இருக்கறவங்களுக்கு ரோலிங் வெனிஸ்னு ஒரு கார்டு இருக்கு, 6 யூரோ குடுத்து அதை வாங்குனா 72 மணி நேர பாஸ் 27 யூரோவுக்கு கிடைக்கும், மொத்தம் 33. ரெண்டு நாள் பாஸை விட கம்மி விலைக்கு மூணு நாள். இதை டிக்கெட் கவுண்டர்ல அவங்களா சொல்ல மாட்டாங்க, நீங்கதான் பாஸ்போர்ட்டை நீட்டி கேக்கணும். ஆறு வயசுக்கு கீழ குழந்தைங்களுக்கு ஃப்ரீ.

ஊர்க்காரங்களுக்கு டிக்கெட் நம்ம குடுக்கறதுல ஒரு சின்ன பங்குதான், அவங்க கிட்ட தனி கார்டு இருக்கு. இது அநியாயம்னு சில பேர் திட்டி எழுதியிருக்காங்க. எனக்கு அப்படி தோணல. அவங்களுக்கு இது ஒண்ணுதான் பஸ்ஸு, நம்ம வந்து நெருக்கியடிச்சு ஏறிக்கறோம், கொஞ்சம் கூடுதலா குடுத்தா என்ன குறைஞ்சு போச்சு. ஆனா விலை ஜாஸ்திதான், அதுல சந்தேகமே இல்ல, நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு நூறு யூரோங்கறது விளையாட்டு இல்ல.

சரி, ஏன் நடக்க சொல்றேன்னா, ஊர் அவ்ளோ சின்னது. சாந்தா லுச்சியா ரயில்வே ஸ்டேஷன்லருந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்கு ரியால்டோ வழியா மெதுவா நடந்தா அரை மணி, முக்கா மணிக்குள்ள போயிடலாம். ஒண்ணாம் நம்பர் படகு அதே தூரத்துக்கு நாப்பது நிமிஷம் எடுத்துக்கும், ஏன்னா அது இந்தக் கரை ஒரு ஸ்டாப் அந்தக் கரை ஒரு ஸ்டாப்னு வளைஞ்சு வளைஞ்சு போகும். ரெண்டாம் நம்பர் கம்மி ஸ்டாப், கொஞ்சம் சீக்கிரம். ஆக நேரம் மிச்சம்னு ஒண்ணும் இல்ல. நடந்தா வழி தப்பும்னு பயப்படாதீங்க, சந்து முனைல சுவத்து மேல மஞ்சள் போர்டுல பெர் ரியால்டோ, பெர் சான் மார்க்கோ, அல்லா ஃபெரோவியான்னு (ரியால்டோவுக்கு, சான் மார்க்கோவுக்கு, ரயில்வே ஸ்டேஷனுக்குன்னு அர்த்தம்) அம்புக்குறி போட்டிருப்பாங்க, அதை பாத்துக்கிட்டே போனா போதும். கூகுள் மேப் சந்துக்குள்ள தடுமாறும், நீல புள்ளி பக்கத்து கால்வாய்க்குள்ள போய் குதிச்சுக்கும், அதை நம்பி தலையை குனிஞ்சுக்கிட்டே நடக்கறதுக்கு போர்டை பாத்து நடக்கறது மேல். சில இடத்துல ரெண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கும், ரெண்டுமே சரிதான்.

அப்ப பாஸ் எதுக்குன்னா, ஒண்ணாம் நம்பர் படகுக்கு. கிராண்ட் கெனால் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் நீளம், எஸ் எழுத்தை திருப்பி போட்ட மாதிரி ஊரை ரெண்டா பிளக்குது. அந்த காலத்துல பணக்காரங்க எல்லாம் மாளிகையோட முன்வாசலை தண்ணி பக்கமாதான் வச்சாங்க, தெரு பக்கம் இருக்கறது கொல்லப்புறம். அதனால நடந்து போறவன் பாக்கறது பூரா பின்கட்டு சுவரு, படகுல போறவனுக்குதான் முகப்பு தெரியும். பியாஸாலே ரோமால ஏறுங்க, அதுதான் ஆரம்பம், சீட்டு கிடைக்கும். அடுத்த ஸ்டாப் ஃபெரோவியா, அதாவது ரயில்வே ஸ்டேஷன், அங்க ஒரு கூட்டம் பெட்டியோட வந்து ஏறும், அப்புறம் நிக்கத்தான் இடம். சில பழைய படகுல முன்னாடி மூக்குலயே வெட்டவெளில சீட்டு இருக்கும், கிடைச்சா விடாதீங்க. புதுசுல அது இல்ல, பின்னாடி கடைசில திறந்த இடம் இருக்கும், அங்க போயிடுங்க. நடுவுல உள்ள உக்காந்தா கண்ணாடி வழியா பக்கத்து ஆளோட முழங்கைதான் தெரியும்.

சான் மார்க்கோ பக்கமா போறப்ப சான் மார்க்குவோலா ஸ்டாப் ஒட்டி இடது பக்கம் ஒரு பெரிய மாளிகை வரும், கா வெந்த்ராமின் கலெர்ஜி, ஜெர்மன் இசைமேதை வாக்னர் 1883ல செத்துப்போனது அங்கதான், இப்ப அது கசினோ. கொஞ்ச தூரத்துல அதே பக்கம் கா தோரோ, கல்லுல லேஸ் பின்னுன மாதிரி வேலைப்பாடு. அப்புறம் வளைவு திரும்புனதும் ரியால்டோ பாலம், 1591ல முடிச்ச கல் பாலம், 1854 வரைக்கும் இந்த கால்வாயை நடந்து கடக்க இது ஒண்ணுதான் வழி, இப்ப மொத்தம் நாலு பாலம் இருக்கு. பாலத்து மேல நின்னா கூட்டத்துல கைப்பிடி சுவரு கூட கண்ணுக்கு தெரியாது, அடியில படகுல போறப்பதான் பாலமே தெரியும். அக்காதெமியா மரப்பாலம் தாண்டி வலது பக்கம் ஒரு மாளிகை ஒரே ஒரு மாடியோட அம்போன்னு நிக்கும், கட்ட ஆரம்பிச்சு முடிக்காமலே விட்டது, அதுலதான் குக்கன்ஹைம் ஓவிய மியூசியம் நடக்குது. அடுத்து சலூத்தே சர்ச், 1630ல வந்த பிளேக் போனதுக்கு நேர்த்திக்கடனா கட்டுனது. அங்க வந்ததும் கால்வாய் அகண்டு கடல் மாதிரி விரியும், காத்து மூஞ்சில அடிக்கும், எல்லாரும் ஒரே நேரத்துல ஃபோனை தூக்குவாங்க.

ராத்திரி எட்டு மணிக்கு மேல இதே படகுல ஒரு தடவை போகணும். பகல்ல வந்துட்டு போற கூட்டம் சாயங்காலத்தோட ரயில் ஏறிடும், படகு பாதி காலி. மாளிகை மாடில விளக்கு எரியும், உள்ள சீலிங்ல வரைஞ்ச ஓவியமும் கண்ணாடி சரவிளக்கும் ஜன்னல் வழியா தெரியும். பகல்ல இது எதுவுமே தெரியாது. இந்த ஒரு சவாரிக்காகவே பாஸுக்கு அஞ்சுக்கு நாலரை குடுக்கலாம், அரை மார்க் விலைக்காக கழிச்சாச்சு.

படகு கரைக்கு வர்ற விதத்தை கவனிங்க, அதுவே ஒரு வேடிக்கை. ஸ்டாப்புங்கறது தண்ணில மிதக்குற ஒரு மேடை, கண்ணாடி ரூம் மாதிரி, லேசா ஆடிக்கிட்டே இருக்கும். படகு நெருங்கும்போது ஓட்டறவர் இஞ்சினை பின்பக்கமா திருப்புவார், தரையே அதிரும், தண்ணி வெள்ளையா பொங்கும். கேட் பக்கத்துல நிக்கற ஊழியர், பாதி நேரம் இருபது வயசு பொண்ணா இருக்கும், தடி கயித்தை வளையமா வீசி மேடைல இருக்கற இரும்பு கட்டைல மாட்டி, படகு பக்கத்து கொம்புல ரெண்டு சுத்து சுத்தி இழுக்கும், கயிறு முறுகுற சத்தம் கேக்கும், படகு ஒரு குலுக்கு குலுங்கி மேடையோட டொம்முனு ஒட்டும், கேட்டை சர்ருனு தள்ளிட்டு ஸ்டாப் பேரை கத்தும். இதெல்லாம் அஞ்சாறு செகண்டு. எறங்கறவங்க முதல்ல, அப்புறம்தான் ஏறணும். முதுகுல மாட்டுன பையை கழட்டி கையில வச்சுக்கணும், மாட்டிக்கிட்டே நின்னா சொல்லுவாங்க, ரெண்டாவது தடவை கொஞ்சம் சத்தமா சொல்லுவாங்க.

தட்டுற விஷயம் முக்கியம். பாஸ் வாங்குன உடனே ஓடாது, மேடைக்கு போற வழியில இருக்கற மெஷின்ல முதல் தடவை தட்டுன நிமிஷத்துலருந்துதான் மணி ஓடும். அதுக்கு அப்புறமும் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் தட்டணும், பாஸ் கையில இருக்கேன்னு தட்டாம ஏறுனா செக்கிங்ல மாட்டுனா அபராதம், டூரிஸ்ட் தெரியாதுங்கன்னு சொன்னா எடுபடாது. இந்த 24 மணி கணக்குலதான் சூட்சுமமே இருக்கு. காலைல எட்டு மணிக்கு தட்டுனா மறுநாள் காலை எட்டுக்கு முடிஞ்சிடும், அதுல பாதி தூக்கத்துல போச்சு. அதுக்கு பதிலா மத்தியானம் மூணு மணி வாக்குல ஆரம்பிங்க. அன்னிக்கு சாயங்காலம் வெயில் சாயுறப்ப கிராண்ட் கெனால் ஒரு சவாரி, ராத்திரி விளக்கு வெளிச்சத்துல இன்னொரு சவாரி, மறுநாள் விடிஞ்சதும் முதல் வேலையா தீவுங்களுக்கு போயிட்டு மத்தியானம் மூணுக்குள்ள திரும்பிடலாம். ஒரு பாஸ்ல ரெண்டு நாளோட நல்ல பாகம் ரெண்டும் கிடைச்சாச்சு.

தீவுக்கு போறதுக்கு ஊரோட வடக்கு கரைல ஃபொந்தமென்தே நோவேன்னு ஒரு ஸ்டாப், அங்கருந்து 12ம் நம்பர். முதல்ல முரானோ, அப்புறம் மசோர்போ, புரானோ. புரானோவுக்கு முக்கா மணி நேரம் ஆகும், நிண்டுக்கிட்டு போனா கால் கடுக்கும், அதனால காலைல எட்டு எட்டரைக்குள்ள படகு பிடிச்சிடுங்க, பத்து மணிக்கு மேல அந்த மேடைல நிக்கற கூட்டத்தை பாத்தா திரும்பி போயிடலாமான்னு இருக்கும். ஒரு டிப்ஸ், புரானோவுக்கு ஒரு ஸ்டாப் முன்னாடி மசோர்போல எறங்கிடுங்க. தோட்டமும் திராட்சை கொடியுமா அமைதியா இருக்கற தீவு, அங்கருந்து ஒரு மரப்பாலம் நேரா புரானோவுல கொண்டு போய் விடும், பத்து நிமிஷ நடை. கூட்டத்தோட அடிச்சு பிடிச்சு எறங்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை. புரானோ அந்த கலர் கலர் வீடுங்க இருக்கற ஊரு, அவங்க இஷ்டத்துக்கு பெயின்ட் அடிக்க முடியாது, எந்த கலர்னு அனுமதி வாங்கித்தான் அடிக்கணும். வீட்டு வாசப்படில உக்காந்து ஃபோட்டோ எடுக்காதீங்க, உள்ள ஆள் குடியிருக்காங்க, துணி காயுது பாருங்க.

புரானோலருந்து அஞ்சு நிமிஷம் படகுல போனா தொர்ச்செல்லோ. பெரும்பாலும் யாரும் போறதில்ல, நான் போகச்சொல்றேன். வெனிஸ் பெரிய ஊராகறதுக்கு முன்னாடி இதுதான் பெரிய ஊரு, இப்ப விரல் விட்டு எண்ணுற அளவு ஜனம்தான். 639ல ஆரம்பிச்ச சாந்தா மரியா அசுந்தா கோயில்ல ஒரு சுவரு முழுக்க மொசைக், கடைசி நாள் தீர்ப்பை சின்ன சின்ன கண்ணாடி துண்டுல பண்ணியிருக்காங்க, பாவம் பண்ணவங்க படுற பாட்டை ஒவ்வொண்ணா கட்டம் போட்டு காட்டியிருப்பாங்க, குழந்தைங்க ரொம்ப ஆர்வமா பாக்கும். முரானோவை பத்தி எனக்கு அவ்ளோ பெருசா இல்ல. தீ விபத்துக்கு பயந்து 1291ல கண்ணாடி உலை எல்லாத்தையும் வெனிஸ்லருந்து இங்க மாத்துனாங்கங்கற கதை நல்லாருக்கு, மியூசியமும் பாக்கலாம், ஆனா தெரு பூரா கடை, கடை பூரா அதே கண்ணாடி குதிரை.

முரானோ பத்தி இன்னொண்ணு. நாங்க தங்குன எடத்துல ரிசப்ஷன்ல இருந்தவரு ரொம்ப அன்பா, நாளைக்கு காலைல உங்களுக்கு முரானோவுக்கு ஃப்ரீ படகு ஏற்பாடு பண்றேன், பாஸ் எதுக்கு வீணானு கேட்டாரு. இந்த ஃப்ரீ படகு நேரா ஒரு கண்ணாடி ஷோரூம் வாசல்ல போய் நிக்கும், அஞ்சு நிமிஷம் ஒருத்தர் உலைல ஊதி காட்டுவார், அப்புறம் ஒரு மணி நேரம் மாடி மாடியா கூட்டிட்டு போய் விலை சொல்லுவாங்க, ஒண்ணும் வாங்கலைன்னா திரும்பி வர படகு பத்தி பேச்சே இருக்காது. வேண்டாங்கன்னு சொன்னதுக்கு அப்புறம் அந்த மனுஷன் எங்களுக்கு வழி சொல்றதையே நிறுத்திட்டாரு, போற வர்றப்ப குட் மார்னிங் கூட கிடையாது. அன்பு அவ்ளோதான்.

இப்ப வயசானவங்க விஷயம். வெனிஸ்ல நானூத்துக்கும் மேல பாலம் இருக்கு, முக்காவாசி படிக்கட்டு பாலம்தான், ஏறி எறங்கணும். நமக்கு பத்து படி தெரியாது, முழங்கால் வலி இருக்கற அம்மாவுக்கு நாலாவது பாலத்துல தெரிஞ்சிடும். எங்கம்மா முதல் நாள் அஞ்சாவது பாலம் வந்ததும் கைப்பிடியை பிடிச்சுக்கிட்டு "இன்னும் எத்தனை பாலம்டா இருக்கு?"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் சொல்ல வாய் வரல. படகுல படி கிடையாது, மேடைலருந்து ஒரு எட்டு வச்சா உள்ள வந்துடலாம், ஒண்ணு ரெண்டு நம்பர் படகுல சக்கர நாற்காலியே ஏத்தலாம், சக்கர நாற்காலில வர்றவங்களுக்கு தனி சலுகை கட்டணமும் உண்டு. அதனால பெரியவங்க இருந்தா 72 மணி நேர பாஸை கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. அவங்களுக்கு மட்டும் வாங்கிட்டு நீங்க நடந்து போய் அடுத்த ஸ்டாப்ல நின்னுக்கலாம்னு கணக்கு போடாதீங்க, அம்மா தனியா போக மாட்டாங்க.

ரூம் போடும்போதும் இதே கணக்குதான். விலையை பாக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல எந்த வாப்பரெட்டோ ஸ்டாப், ஸ்டாப்புக்கும் ரூமுக்கும் நடுவுல எத்தனை பாலம்னு மேப்புல எண்ணுங்க. பெட்டியை தூக்கிட்டு மூணு பாலம் ஏறுனா அன்னிக்கு ராத்திரி முதுகு பேசும். அட்ரஸை வச்சு எடத்தை கண்டுபிடிக்கலாம்னு நினைக்காதீங்க, இங்க தெருவுக்கு நம்பர் கிடையாது, ஊரை ஆறு பேட்டையா பிரிச்சு ஒவ்வொரு பேட்டைக்கும் ஒண்ணுலருந்து ஆயிரக்கணக்குல நம்பர் போட்டிருக்காங்க, பக்கத்து பக்கத்து வாசலுக்கே நம்பர் எங்கயோ தாவும். ரூம் காரங்க கிட்ட ஸ்டாப் பேரையும் அங்கருந்து வழியையும் மெசேஜ்ல கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. ஒரு பெரிய பெட்டி டிக்கெட்லயே அடக்கம், தனியா காசு இல்ல.

மெஸ்த்ரேல தங்கறதுன்னும் ஒரு வழி இருக்கு, அது மெயின்லேண்டு, ரூம் நல்லா கம்மி, ரயில்ல பத்து நிமிஷம். ரயில்வே ஸ்டேஷன் பேர்ல ஏமாந்துடாதீங்க, வெனேசியா மெஸ்த்ரே வேற, வெனேசியா சாந்தா லுச்சியா வேற, தீவுக்குள்ள இருக்கறது லுச்சியா. பாஸ் இருந்தா மெஸ்த்ரே பஸ்ஸு டிராமும் அதுலயே ஓடும். காசுக்கு மெஸ்த்ரே நல்லதுதான், ஆனா ராத்திரி ஊர் காலியானதுக்கு அப்புறம் இருக்கற வெனிஸ் உங்களுக்கு கிடைக்காது, ஒரு ராத்திரியாவது உள்ள தங்கிடுங்கன்னுதான் சொல்லுவேன்.

ஏர்போர்ட்ல எறங்குன உடனே பாஸை நம்பி படகு தேடாதீங்க. மார்க்கோ போலோ ஏர்போர்ட்லருந்து வர்ற படகு அலிலகுனான்னு வேற கம்பெனி, வாப்பரெட்டோ பாஸ் அதுல செல்லாது, சான் மார்க்கோ வர ஒரு மணி நேரத்துக்கும் மேல ஆகும். ஏர்போர்ட் பஸ்ஸும் சாதாரண பாஸ்ல வராது, பாஸ் வாங்கும்போதே கொஞ்சம் கூட குடுத்து சேத்துக்கணும், அந்த பஸ் பியாஸாலே ரோமால விட்டுடும், அதுதான் நல்ல வழி. வாட்டர் டாக்ஸின்னு பளபளன்னு மரப்படகு நிக்கும், நூறு யூரோவை தாண்டும், கல்யாணம் முடிஞ்சு நேரா வர்றவங்க போகட்டும்.

கொந்தோலா, அதான் துடுப்பு போட்டு ஓட்டுற நீள படகு, அதை பத்தி கேப்பீங்க. பகல்ல அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, ராத்திரி ஏழுக்கு மேல 110, இது நகராட்சி வச்ச ரேட். ஆளுக்கு இல்ல, படகுக்கு, அஞ்சு பேர் வரைக்கும் ஏறலாம். ஆக அஞ்சு பேரா போனா ஆளுக்கு 18, அப்படி ஒண்ணும் கொள்ளை இல்ல. கிராண்ட் கெனால்ல போகாதீங்க, அங்க வாப்பரெட்டோ அலைல ஆடிக்கிட்டேதான் இருக்கும், சின்ன கால்வாய்க்குள்ள போக சொல்லுங்க. அவ்ளோ காசு இல்லாதவங்களுக்கு த்ரகெத்தோ இருக்கு, அதுவும் ரெண்டு பேர் துடுப்பு போடுற கொந்தோலாதான், கால்வாயோட இந்தக் கரைலருந்து அந்தக் கரைக்கு ரெண்டு யூரோ, ரெண்டு நிமிஷம். ரியால்டோ மார்க்கெட் எதுக்க சாந்தா சோஃபியால ஒண்ணு இருக்கு. ஊர்க்காரங்க நிண்டுக்கிட்டே வருவாங்க, நீங்க உக்காந்துக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பாஸ் இதுல செல்லாது, கையில சில்லறை வச்சுக்கோங்க.

சான் மார்க்கோ மணிக்கூண்டுல ஏற க்யூ நிக்கறதுக்கு பதிலா, பாஸ் கையில இருக்கறப்பவே சான் சக்கரியால ரெண்டாம் நம்பர் ஏறி ஒரே ஸ்டாப் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே போங்க. எதுத்தாப்ல இருக்கற தீவு, அந்த கோயில் மணிக்கூண்டுக்கும் லிஃப்ட் உண்டு, கூட்டம் பாதி கூட இருக்காது. மேல போனா மொத்த வெனிஸும் தெரியும், சான் மார்க்கோ மணிக்கூண்டும் சேத்து. அந்த மணிக்கூண்டு 1902ல அப்படியே சரிஞ்சு விழுந்து 1912ல திரும்ப கட்டுனது, தூரத்துல பாத்தா தெரியாது. அதே பாஸ்ல 4.1 இல்ல 4.2ல போனா சான் மிக்கேலே, ஊரோட இடுகாட்டு தீவு, ஸ்டாப் பேரே சிமித்தேரோதான். சைப்ரஸ் மரமும் செங்கல் சுவருமா இருக்கும், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி கல்லறை அங்கதான் இருக்கு. எல்லாருக்கும் பிடிக்காது, எனக்கு பிடிச்சுது.

நுழைவு கட்டணம்னு ஒண்ணு 2024 ஏப்ரல் 25லருந்து ஆரம்பிச்சிருக்காங்க. பகல்ல வந்துட்டு ராத்திரி தங்காம போறவங்களுக்கு மட்டும், குறிப்பிட்ட சில நாள்ல மட்டும், காலை எட்டரைலருந்து சாயங்காலம் நாலு வரைக்கும். முன்கூட்டி கட்டுனா 5 யூரோ, கடைசி நேரத்துல கட்டுனா 10. 2025ல 54 நாள் இப்படி இருந்துச்சு. ஊர்ல ரூம் போட்டவங்க கட்ட வேண்டாம், மெஸ்த்ரேல தங்குனாலும் வேண்டாம், ஆனா ஆன்லைன்ல பதிஞ்சு விலக்கு சீட்டு எடுத்து ஃபோன்ல வச்சுக்கணும். இந்த வருஷம் எந்தெந்த நாள்னு கிளம்பறதுக்கு முன்னாடி நகராட்சி சைட்டுல பாத்துடுங்க.

சாப்பாடு பத்தி எழுத ஆரம்பிச்சா இது முடியாது, பாஸோட சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்றேன். படகு ஸ்டாப் எதுத்தாப்ல தண்ணி பாத்த மாதிரி டேபிள் போட்டு, படம் போட்ட மெனு வச்சு, வாசல்ல ஆள் நிறுத்தி கூப்பிடற ஹோட்டல் எதுலயும் உக்காராதீங்க, ரெண்டு சந்து உள்ள போங்க. காபியை கவுண்டர்ல நிண்டுக்கிட்டு குடிச்சா ஒரு விலை, உக்காந்தா வேற விலை, சான் மார்க்கோ சதுக்கத்துல பேண்டு வாசிக்கறப்ப உக்காந்தா பாட்டுக்கும் தனியா பில்லு வரும். பில்லுல கோப்பெர்தோன்னு, அதாவது டேபிள்ல உக்கார்றதுக்கான கட்டணம்னு, ஆளுக்கு கொஞ்சம் சேத்திருப்பாங்க, அது ஏமாத்து இல்ல, வழக்கம். சைவம் சாப்பிடறவங்க ரிசோத்தோ (குழைய வேக வச்ச இத்தாலி அரிசி சாதம்) சொல்றதுக்கு முன்னாடி கறி, மீன் வேக வச்ச தண்ணில பண்ணாங்களான்னு கேளுங்க, காய்கறி ரிசோத்தோல கூட அது இருக்கும். தண்ணி பாட்டிலை காசு குடுத்து வாங்காதீங்க, சதுக்கத்துக்கு சதுக்கம் குழாய்ல குடிக்கற தண்ணி வருது.

வானிலை ஒண்ணு பாக்கணும். இலையுதிர் காலத்துலயும் குளிர்காலத்துலயும் கடல் ஏறும், ஆக்வா ஆல்தாம்பாங்க. 2020 அக்டோபர்லருந்து மோசேங்கற மடை கதவுங்களை கடல் வாய்ல எழுப்பி பெரிய வெள்ளத்தை தடுத்துடறாங்க, முன்ன மாதிரி இடுப்பளவு தண்ணி கிடையாது. ஆனா தண்ணி மட்டம் ஏறுனா சில பாலத்துக்கு அடியில படகு நுழைய முடியாது, ரூட்டை மாத்துவாங்க, பனிமூட்டம் அடர்ந்தாலும் அதே கதை. அதை விட பெரிய வில்லன் ஷோபெரோ, ஸ்ட்ரைக்கு. இத்தாலில இது அடிக்கடி வரும், முன்கூட்டியே அறிவிச்சுட்டுதான் பண்ணுவாங்க, அன்னிக்கு கொஞ்சம் படகு மட்டும் கட்டாயமா ஓடும். ஏழு நாள் பாஸ் வாங்கறவங்க அந்த வாரம் ஸ்ட்ரைக் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

பாஸை ஆன்லைன்ல வாங்கலாம், ஆப்ல வாங்கலாம், பெரிய ஸ்டாப்ல மெஷின்லயும் வாங்கலாம். கவுண்டர் க்யூல நிக்காதீங்க, பக்கத்துலயே மெஷின் சும்மா நிக்கும், கார்டு எடுத்துக்கும். ரியால்டோ, சான் சக்கரியா மாதிரி பெரிய எடத்துல ஏ, பி, சின்னு மேடை தனித்தனியா இருக்கும், படகு நம்பரை மட்டும் பாக்காம எந்த பக்கம் போகுதுன்னு போர்டுல பாத்துட்டு நில்லுங்க, சின்ன ஸ்டாப்ல ரெண்டு பக்க படகும் ஒரே மேடைக்குதான் வரும், கயிறு வீசற ஊழியர் கிட்ட போற எடம் பேரை சொன்னா தலையாட்டியே பதில் சொல்லிடுவாங்க.

ஊரை விட்டு கிளம்பற நாள் மட்டும் காலைல ஒண்ணாம் நம்பரை நம்பி ரயில் பிடிக்க போகாதீங்க. எல்லாரும் அதே நேரத்துல பெட்டியோட ஃபெரோவியாவுக்குதான் வருவாங்க, ரெண்டு படகு உங்களை விட்டுட்டு போயிடும், அடுத்ததுல ஏறுனாலும் அது எல்லா ஸ்டாப்லயும் நின்னு நின்னுதான் போகும். ரெண்டாம் நம்பரை பிடிங்க, இல்ல 4.1, 5.1 மாதிரி வெளி வட்டமா போறது உங்க பக்கம் வருதான்னு பாருங்க, ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மேடைல நின்னுடுங்க.